ஒரே கடலை 31 தடவை வரைந்துவிட்டேன். இது ஆறுதலா, சிக்கிக்கொண்டதா?

கரையோர ஜன்னல் | ஜூன் 9, இரவு 10.42

இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

பெப்ரவரியில், ஆறாம் மாதத்தில், எங்கட பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு எல்லார் வாயிலும் ஒரே வசனம்: "நினையாதே, அடுத்தது வரும்." சின்ன உடுப்புகள் இருந்த பையை மாமி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டா. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை.

அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கி மிஞ்சின பிரிஸ்டல் போட் அட்டையும் பாதி காய்ந்த போஸ்டர் கலர் பெட்டியும் அலுமாரிக்குள் கிடந்தன. மார்ச் கடைசியில் ஒரு பின்னேரம் அவற்றை எடுத்தேன். எங்கட ஃபிளாட் வெள்ளவத்தையில், நாலாம் மாடி. ஜன்னலால் பார்த்தால் மரைன் டிரைவ், அங்கால ரயில் பாதை, கருங்கல், கடல். அதை அப்படியே வரைந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நான் பிறஸ் தொட்டதே இல்லை. படம் படு மோசம். ஆனால் வரைந்த அந்த ஒன்றரை மணித்தியாலமும் நெஞ்சுக்குள் இருக்கிற கல் தெரியவில்லை. அடுத்த நாளும் வரைந்தேன்.

இப்ப 31 படம். எல்லாம் அதே ஜன்னல், அதே ஆறு மணி, அதே கடல். இவர் முதலில் சந்தோஷப்பட்டார், இப்ப பயப்படுறார் போல. "வேற ஏதாவது வரையன், பூ கீ" என்று நேற்றுக் கேட்டார். எனக்கு வேறொன்றிலும் மனம் போகுதில்லை.

யாராவது இப்படி வரைந்திருக்கிறீர்களா? ஒன்றையே திரும்பத் திரும்ப வரைவது நல்லதா? அல்லது அதுக்குள்ளேயே நான் சுற்றிக்கொண்டு நிற்கிறேனா?

பின்னேர மழை | ஜூன் 9, இரவு 11.05

வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. நல்லதுதான் அக்கா, நிறுத்தாதேங்கோ. 31 படம் என்றால் ஒரு கண்காட்சியே வைக்கலாம்! ஜனவரி பெப்ரவரியில் கொழும்பு கிரீன் பாத்தில் கலா பொல என்ற ஓவியச் சந்தை நடக்கும்தானே, 1993இலிருந்து நடக்குது, ரோட்டோரம் வைத்து விற்கலாம். கடல் படம் நல்லாப் போகும்.

மூன்றாம் குறுக்கு | ஜூன் 10, காலை 6.20

அக்கா, உங்களுக்கு நடந்தது பெரிய இழப்பு, கோவிச்சுக்காதீங்க. ஆனா இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒன்னு தோணும். கடல் தெரியிற ஜன்னல் இருக்கிறவங்களுக்குத்தான் இது. நாங்க அஞ்சு பேர் ஒரு ரூம்ல இருக்கோம், ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டிடத்துச் சுவர். ராத்திரி ஒன்பதுக்குக் கடை மூடி வந்தா யாரு வரையிறது? எங்கம்மா தோட்டத்துல நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. அவங்களுக்கு வராத கவலையா? யாரும் பெயின்ட் வாங்கிக் கொடுக்கல.

பின்னேர மழைக்கு: ஒருத்தங்க பிள்ளையை இழந்துட்டேன்னு எழுதுறாங்க, நீங்க விலை பேசுறீங்க.

பின்னேர மழை | ஜூன் 10, காலை 7.48

மன்னிக்கவும். உற்சாகப்படுத்தத்தான் சொன்னேன்.

ஓய்வு பெற்ற சித்திர வாத்தியார் | ஜூன் 10, மாலை 4.15

தங்கச்சி, முப்பது வருஷம் சித்திரம் படிப்பிச்சனான். மனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படத்தைப் பற்றிச் சொல்லுவன்.

தெஹிவளையில் 1921இல் பிறந்த ஐவன் பீரிஸ் என்று ஓர் ஓவியர். சினிமா எடுத்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1943இல் லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் ஆக்கள் கொழும்பில் தொடங்கின '43 குழு' என்ற கலைஞர் கூட்டத்தில் இவரும் ஒருத்தர். பிறகு இங்கிலாந்துக்குப் போனவர், 1988இல் அங்கேயே காலமானார். அங்க இருந்து என்ன வரைஞ்சார் தெரியுமோ? கரை. திரும்பத் திரும்ப இந்தப் பக்கத்துக் கரைதான்: மணல், மரம், ஒருத்தரோட ஒருத்தர் கதையாமல் தள்ளித் தள்ளி நிற்கிற ஆக்கள். உங்கட ஜன்னலால் கொஞ்சம் தெற்கே எட்டிப் பார்த்தால் அந்தக் கடல்தான். அவரிட்ட ஒருத்தரும் "பூ வரையும்" என்று கேட்டிருக்கமாட்டினம் என்று நினைக்கிறன்.

பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் இருந்த வீடு இப்ப சபுமல் ஃபவுண்டேஷன். 43 குழுவின்ர படங்கள் அங்க இருக்கு. திறந்திருக்கிற நேரம் விசாரிச்சுக்கொண்டு ஒரு நாள் போங்கோ. பெரிய நூதனசாலை மாதிரி இல்லை, வீடு மாதிரித்தான் இருக்கும். ஆறுதலாய் நின்று பார்க்கலாம்.

இனி உங்கட கேள்வி. 31உம் ஒரே படம் என்று நீங்கள் சொல்றியள், நான் நம்பமாட்டன். எல்லாத்தையும் திகதி வரிசையில் நிலத்தில் பரப்பிப்போட்டுக் கதிரையில் ஏறி நின்று பாருங்கோ. மாறிக்கொண்டு வாற ஒன்று கட்டாயம் இருக்கும். ஒருக்காலும் மாறாத ஒன்றும் இருக்கும். ரெண்டையும் வந்து சொல்லுங்கோ.

இன்னொன்று. ஜூன் மாதக் கடல் நீலமில்லை. பெட்டியில் இருக்கிற நீலத்தை அப்படியே அப்பாதேங்கோ. அல்ட்ராமரின் நீலத்துக்குள் பேர்ண்ட் சியன்னா கபிலத்தைத் துளி துளியாய் விட்டால் ஒரு சாம்பல் வரும். கறுப்பும் வெள்ளையும் கலக்கிற சாம்பல் செத்தது. இது அப்படியில்லை, ஒருக்கால் நீலப் பக்கம் சாயும், ஒருக்கால் மண் பக்கம் சாயும். பிரிஸ்டல் போட் தண்ணி பட்டால் சுருளும், நாலு பக்கமும் ரேப் ஒட்டிப்போட்டுத் தொடங்குங்கோ.

உளவளத்துணை | ஜூன் 11, இரவு 8.30

நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து வரைவதையும் கலைச் சிகிச்சையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், 1942இல். காசநோய் வந்து சானட்டோரியத்தில் கிடந்தபோது தானும் வரைந்து, மற்ற நோயாளர்களையும் வரைய வைத்தவர். இன்றைக்கு அது பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து செய்கிற வேலை. எங்கள் நாட்டில் மட்டக்களப்பில், போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக 1996இல் தொடங்கிய வண்ணாத்திப்பூச்சி சமாதானப் பூங்காவைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் நிறமும் களிமண்ணும் கதையும் இருந்தன, பிள்ளைகளோடு கூட இருக்கப் பெரியவர்களும் இருந்தார்கள்.

தனியாக வரைவதிலும் பயன் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் கிரிஜா கைமாலின் குழு 39 பேரை 45 நிமிஷம் வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்டிசோலை அளந்தது. மன அழுத்தத்தில் ஏறுகிற ஹோர்மோன் அது. சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்தது. முன்பு வரைந்து பழகியவரா இல்லையா என்பது பொருட்டாக இருக்கவில்லை. ஆனால் மிச்சப் பேருக்குக் குறையவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் வைக்கவில்லை. ஆகவே "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கரையோர ஜன்னல், எத்தனை தடவை வரைந்தீர்கள் என்பதைவிட, வரைந்து முடித்து எழும்பும்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் கேட்பேன். சாப்பிட முடிகிறதா? தூக்கம்? வரைய முடியாத நாளில் என்ன நடக்கிறது? "நான் இருந்து என்ன" என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

கரையோர ஜன்னல் | ஜூன் 11, இரவு 11.20

அந்த நினைப்பு இல்லை. மார்ச்சில் இருந்தது. இப்ப எழும்பும்போது பசிக்குது, அது ஒன்று. வரைய ஏலாத நாளில் எல்லாரோடும் எரிந்து விழுறேன்.

வாத்தியார் சேர், நிலத்தில் பரப்ப இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோலில் சோபாவைத் தள்ளிப்போட்டுச் செய்து பார்க்கிறேன்.

தெமட்டகொட நானா | ஜூன் 12, அதிகாலை 1.10

தங்கச்சி, நான் இத யாருக்கும் சொன்னதில்ல.

வாப்பா 2020 டிசம்பர்ல மௌத்தானார். கொவிட் என்டாங்க. அந்த நேரம் அடக்கம் இல்ல, எல்லாருக்கும் தகனம்தான். 2021 பெப்ரவரி கடைசியிலதான் அடக்க விட்டாங்க. எங்களுக்கு ரெண்டு மாசம் பிந்திட்டு.

எனக்கு அழுகை வரல்ல. கோவம்தான். வீட்டுக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற் ரின் இருந்த, ஹாட்போட் பலகைத் துண்டும் இருந்த. கறுப்ப அள்ளிக் கையாலயே அப்பினேன். அதுக்கு மேல சிவப்பு, திரும்பக் கறுப்பு. நெருப்பு, புகை, வேற ஒன்டுமில்ல. முடிஞ்சதும் நெஞ்சு லேசாகும் என்டு யாரோ சொல்லி இருந்தாங்க. லேசாகல்ல. அன்டைக்கு ராவெல்லாம் பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். அப்படி ஏழெட்டு ஹாட்போட். உம்மா ஒரு நாள் பார்த்துட்டு, "இத வெளியில போடு மகன், வீட்டுக்குள்ள வேணாம்" என்டா.

எங்கட வீட்டுல உருவம் வரைறதில்ல. வாப்பாட முகத்த வரைய நான் நினைக்கவும் இல்ல. ஒரு வருஷத்துக்குப் பிறகு, அடக்கும்போது மௌத்தானவங்களுக்குச் சுத்துற கபன் துணிய வரைஞ்சேன். அவருக்குக் கிடைக்காத துணி. மடிச்சு வச்ச வெள்ளத் துணி, மூணு துண்டு, அவ்வளவுதான். தாளும் வெள்ள, துணியும் வெள்ள. எப்படி வரைற? பெட்ஷீற் ஒன்ட மேசையில மடிச்சு வச்சுப் பார்த்தேன். மடிப்பு எங்க திரும்புது, எந்த ஓரத்துல நிழல் இருட்டு, எங்க மங்கல். அது 2022, தாளில்லாம ஸ்கூல் பரீட்சையே தள்ளிப் போன காலம், தாளுக்கு ரெண்டு பக்கமும் வரைஞ்சேன். எத்தின நாள் போச்சோ தெரியா. ஒரு மடிப்பு சரியா வந்த நேரம் அழுகை வந்த. மௌத்துக்குப் பிறகு அதுதான் முதல் அழுகை.

ஹாட்போட் எல்லாம் குப்பைக்குப் போச்சு. துணி மட்டும் உம்மாட அலுமாரியில இருக்கு. உம்மாவே கேட்டு எடுத்து வச்ச.

பின்னேர மழை | ஜூன் 12, காலை 9.02

நானா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். உள்ளுக்குள் இருக்கிறதைக் கொட்டினால்தானே தீரும் என்று எல்லாரும் சொல்றது? அப்ப கறுப்பு ஏன் வேலை செய்யவில்லை?

உளவளத்துணை | ஜூன் 12, மதியம் 1.25

"கொட்டினால் தீரும்" என்பது பானைக்குச் சரி, மனதுக்கு அவ்வளவு சரியில்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். அவர்களுக்குக் கோபம் கூடித்தான் இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

வரைவதிலும் ஜெனிஃபர் ட்ரேக், எலன் வின்னர் ஆகியோர் இதுபோல ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். சோகத்தில் இருக்கும்போது அந்தச் சோகத்தையே வரைந்தவர்களைவிட, அதோடு சம்பந்தமில்லாத வேறொன்றை வரைந்தவர்களுக்கு மனநிலை கூடுதலாகச் சீரானது. நானாவின் துணியையும் இங்கே உள்ள கடலையும் பாருங்கள், இரண்டும் கண்ணால் பார்த்து வரைந்தவை. மடிப்பு எங்கே, நிழல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும் மனம் அந்த நேரத்துக்காவது தன்னைத் தின்னாது. அழுகை தானாக வழி கண்டு வருகிறது.

மூன்றாம் குறுக்கு | ஜூன் 12, இரவு 9.50

நானா எழுதினதை ரெண்டு வாட்டி வாசிச்சேன். நான் முதல்ல எழுதினது கொஞ்சம் கடுமைதான். ஆனா ஒன்னு கேக்கணும். வரைஞ்சா கோவம் போயிடும்னு வச்சுக்குவோம். அது போகக்கூடாத கோவமா இருந்தா? அநியாயம் செஞ்சவனுக்கு நாம அமைதியாகிறதுதானே வசதி?

ஓய்வு பெற்ற சித்திர வாத்தியார் | ஜூன் 13, காலை 5.40

தம்பி, இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான்.

கொழும்பில் செக்பொயின்ற் இருந்த காலம் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு அந்தப் பீப்பாய்களும் ஞாபகம் இருக்கும். சந்திக்குச் சந்தி, உருமறைப்பு நிறம் அடிச்சு ரோட்டில் வைச்சிருப்பினம். சந்திரகுப்த தேனுவர என்ற ஓவியர் 1997 அளவில் அந்தப் பீப்பாயையே வரையத் தொடங்கினவர், 'பீப்பாயியம்' என்று அதுக்கு ஒரு பேரும் வைச்சார். 83 கலவரத்தை நினைச்சு வருஷா வருஷம் ஜூலை 23இல் கண்காட்சி வைக்கிறவர். அவர் சிங்களவர். இத்தனை வருஷமாய்க் கோபம் குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியேல்லை. ஆனால் அந்தக் கோபம் ஆளைத் தின்னாமல் வேலை செய்யுது. அமைதியாகிறது வேற, கோபத்துக்கு ஓர் உருவம் குடுக்கிறது வேற.

கொச்சிக்கடைத் தெரு | ஜூன் 14, இரவு 7.35

எல்லாரும் நல்லது என்று சொல்வதால் மற்றப் பக்கத்தையும் ஒருவர் சொல்லவேண்டும்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த 2019 உயிர்த்த ஞாயிறன்று நான் பூசையில் இருந்தேன். சில கிழமைக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒரு குழு எங்களை வட்டமாக இருக்க வைத்து, ஆளுக்கொரு தாளும் பேஸ்டல் பெட்டியும் தந்து, "நடந்ததை வரையுங்கள்" என்றது. நல்ல மனதோடுதான் வந்தவர்கள். நான் வரைந்தேன். அதைச் சுவரில் ஒட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், ஐந்து மணிக்குப் போய்விட்டார்கள். ஒரு கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. அதுவரைக்கும் கனவில் மட்டும் வந்தது அதற்குப் பிறகு பகலிலும் வந்தது.

இன்றைக்கும் பேஸ்டல் வாசம் எனக்குப் பிடிக்காது. என்னைத் தூக்கிவிட்டது தையல். மெஷின் சத்தமும் நேர்க்கோடும். ஆகவே தயவுசெய்து யாரையும் "வரை, சரியாகும்" என்று பிடித்து இருத்தாதீர்கள்.

உளவளத்துணை | ஜூன் 14, இரவு 9.15

உங்களுக்கு நடந்தது தவறு. திறந்துவிட்டு மூடாமல் போவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எதை வரைவது, எப்போது நிறுத்துவது, யாருக்குக் காட்டுவது, இந்த மூன்றும் வரைபவரின் கையில் இருக்கவேண்டும். உங்களிடம் மூன்றையும் பறித்துவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற சித்திர வாத்தியார் | ஜூன் 15, காலை 6.05

தையலும் கோடுதான் அம்மா.

தங்கச்சிக்கு ஒன்று சொல்லலாமோ விடலாமோ என்று ரெண்டு நாளாய் யோசிச்சனான். வாசிக்க மனமில்லையென்றால் இதைத் தாண்டிப் போங்கோ.

ஜேர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்று ஓர் ஓவியை, சிற்பி. 1914 ஒக்ரோபரில் இளைய மகன் பீற்றர் யுத்தத்தில் செத்துப்போனான், பதினெட்டு வயசு. அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்யத் தொடங்கினா. சரிவரேல்லை. விட்டா, திரும்பத் தொடங்கினா. முதல் யோசனையில் மகன் கிடப்பான். கடைசியில் பெல்ஜியத்து மயானத்தில் சிலையை வைச்சது 1932இல். அதில் மகன் இல்லை. தாயும் தகப்பனும் மட்டும், தனித்தனியாய் முழங்காலில். கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம். மகன் இருந்த அளவு காலம்.

மார்ச்சில் இருந்து ஜூன் எத்தினை நாள்? இவரிட்ட சொல்லுங்கோ, பயப்படவேண்டாம் என்று.

மூன்றாம் குறுக்கு | ஜூன் 16, இரவு 11.30

கடையில பழைய பில் கொப்பி கிடக்கு. நேத்து பின்பக்கத்துல பேனாவால எங்க லயத்து வாசப்படியை வரைஞ்சு பார்த்தேன். படி கோணலா வந்துச்சு. அம்மாகிட்ட போன் போட்டு எத்தனை படின்னு கேட்டேன், "மூனு, ஏன்டா கேக்குற"ன்னாங்க. நான் நாலு போட்டிருந்தேன். இதுக்குப் பேரு சிகிச்சைன்னு சொன்னா இன்னமும் ஒத்துக்கமாட்டேன்.

தெமட்டகொட நானா | ஜூன் 17, காலை 5.55

தம்பி, கொப்பிய வீசாதீங்க.

கரையோர ஜன்னல் | ஜூன் 22, இரவு 10.10

பிந்திவிட்டது, மன்னியுங்கோ. நேற்று ஞாயிறு, பரப்பினேன். சோபா, ரீவி ஸ்ராண்ட் எல்லாம் தள்ளி, அப்பவும் இடம் காணாமல் கடைசி நாலும் குசினிக்குள் போனது.

மாறினது: கடல் ஏறிக்கொண்டே போகுது. முதல் படங்களில் தாளில் பாதிதான் கடல். இருபதுக்குப் பிறகு ஆகாயம் ஒரு விரல் அகலம். நான் கவனிக்கவே இல்லை. கடைசி மூன்றில் கொஞ்சம் இறங்கியிருக்கு.

மாறாதது எது என்று எனக்குத் தெரியவில்லை. கதிரையில் ஏறி நின்று கனநேரம் பார்த்தேன். அப்ப மாமி பிளேன்ரீ கொண்டுவந்தா. படங்களுக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்து நின்றா. இதுவரைக்கும் அவ ஒரு படத்தைக்கூட நின்று பார்த்ததில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்து சொன்னா: "ஆறு மணி ரயில் இப்பிடி வெறுமையாய்ப் போறேல்லையே பிள்ளை. ஆக்கள் தொங்கிக்கொண்டெல்லோ போறது. கல்லில குடையோட இருக்கிற சோடியளையும் காணேல்லை."

31 படத்திலும் ஓர் ஆள்கூட இல்லை.

அதைவிட, ஆறு மணிக்கு அவவும் தன்ர அறை ஜன்னலால் அதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறா என்பது எனக்குத் தெரியாது. பையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவவும் எடுக்கவில்லை. ரீ ஆறும் வரைக்கும் ரெண்டு பேரும் நிலத்தில் இருந்தோம்.

சேர், தொங்குகிற ஆக்களை எப்படி வரைகிறது? ரயில் பெட்டியே என்ர படத்தில் ஒரு அங்குலம்தான்.

ஓய்வு பெற்ற சித்திர வாத்தியார் | ஜூன் 23, காலை 5.30

ஆளை வரையாதேங்கோ. பெட்டி வாசலில் இருந்து வெளியே பிதுங்கி நிற்கிற ஒரு கறுப்புக் கட்டியை வையுங்கோ. அது காய்ந்த பிறகு ரெண்டு மூன்று இடத்தில் சட்டையின்ர வெள்ளை, சின்னப் பிறஸ்ஸின் நுனியால் ஒரே இழுவை. ஒருத்தரின்ர கை மேல் கம்பியில். கண் மூக்கு ஒன்றும் வேண்டாம். குடைக்கு ஓர் அரைவட்டம் காணும், அதுக்குக் கீழே நிழல் ஒன்று, ரெண்டு பேர் இருக்கினம் என்று பார்க்கிற ஆளுக்கே விளங்கும்.

முதல் ஒரு கழிவுத் தாளில் பத்துத் தரம் செய்து பாருங்கோ.

கரையோர ஜன்னல் | ஜூன் 23, மாலை 6.18

தாள், ரேப், தண்ணிப் போத்தல் எல்லாம் ரெடி. ரயில் பிந்துது. மாமியும் பக்கத்தில் நிற்கிறா.